புள்ளி முதலில்

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் போதும். அடித்த பிள்ளைக்கு எந்த விரல் சோம்பேறி என்று மாஸ்டர் சொல்லிவிடுவார். தமிழ் தட்டச்சில் இடது கைச் சுண்டு விரலுக்கு வாய்த்த எழுத்து ‘ய’. பழகாத சுண்டு விரல் விசையைத் தொடும், அழுத்தாது. மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக விழுந்திருக்க, ‘ய’ மட்டும் காய்ச்சலில் கிடந்தவன் முகம் மாதிரி வெளிறியிருக்கும். சிவப்பு மைப் பேனாவால் அதைச் சுழித்துவிட்டு, “ஏம்மா, சுண்டு விரலுக்கு இன்னிக்கு லீவா?” என்பார். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், 1981-லிருந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாடியில் 22 மெஷின்கள். ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட், ஹால்டா என்று கலவையான குடும்பம். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அடித்தால் கீழே கடையில் துணி கிழிக்கிற சத்தம் கேட்காது. கடைக்காரர் இதுவரை புகார் சொன்னதில்லை. அவர் மகளும் இங்கே லோயர் பரீட்சை முடித்தவள்.

மாஸ்டர் டைப் கற்றது 1973-ல், பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு. தஞ்சாவூர் ஜில்லாவில் அப்போது அது ஒரு வாய்ப்பாடு மாதிரி: எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், அப்புறம் ரயில். கல்லூரிக்குப் பணம் இல்லாத வீட்டுப் பையன்கள் மூன்று சர்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கோ டெல்லிக்கோ போனார்கள். மாட்டுங்காவில் யாராவது ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா இருப்பார். இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் 1837-ல் வெளியிட்ட சுருக்கெழுத்து, காவிரிக்கரை அக்ரகாரத் திண்ணைகளில் ஒலிப்பது அன்றைக்கு யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. பம்பாயில் வேறு மாதிரி தெரிந்தது. 1966-ல் தொடங்கிய சிவசேனா முதலில் குறிவைத்தது அலுவலகங்களில் உட்கார்ந்திருந்த தென்னிந்திய குமாஸ்தாக்களையும் டைப்பிஸ்டுகளையும்தான். மாஸ்டரின் அண்ணன் அப்படிப் போனவர். தம்பியை மட்டும் “நீ ஊர்லயே இருடா” என்று எழுதிவிட்டார்.

மாஸ்டரின் வாத்தியார் கொஞ்சம் கோபக்காரர். புதிதாகச் சேர்ந்தவன் விரலைப் பார்த்து அடித்தால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அவன் கையோடு சேர்த்து மெஷின்மேல் போர்த்திவிடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் தடவித் தடவி ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ தேடும். ஊரில் டைப் கற்ற எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடுத்த பாதியை, ‘செமிகோலன் எல் கே ஜே எச் ஜே’ என்று, சொல்லி முடிப்பார்கள்.

பார்க்காமல் அடிப்பது மெஷினோடு கூடப் பிறந்த வித்தை இல்லை. ரெமிங்டன் கம்பெனியின் முதல் மெஷின் 1874-ல் சந்தைக்கு வந்தது. எப்படி அடிப்பது என்று அதோடு யாரும் சொல்லித்தரவில்லை. ஆளுக்கு ஒரு வழி. இரண்டு விரல், நான்கு விரல், கண் எப்போதும் கீழே. 1888-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. ஃபிராங்க் மெக்கரின் என்ற கோர்ட் சுருக்கெழுத்தர் விசைப்பலகையை மனப்பாடம் செய்துகொண்டு, கீழே குனியாமலே அடித்து ஜெயித்தார். பத்து விரல் பாடம் பரவலாகப் பள்ளிகளுக்குப் போனது அதற்குப் பிறகுதான். மெஷின் வந்து, அதை வைத்துச் சிலர் பிழைத்து, பிழைத்தவர்களில் கெட்டிக்காரன் எப்படிச் செய்கிறான் என்று பார்த்த பிறகே பாடம் என்று ஒன்று வந்தது. மாஸ்டர் இந்தக் கதையைப் புதுப் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

தமிழ் மெஷின் கதை இன்னும் சுவையானது. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா அதைச் சாதித்தார். அவர் செய்த வேலையில் இரண்டு தந்திரங்கள் மாஸ்டருக்கு இன்றும் அதிசயம். ஒன்று, ஷிஃப்ட் விசை: ‘க’வை ஷிஃப்டோடு அடித்தால் ‘கு’, ‘ம’வை அடித்தால் ‘மு’, ‘த’வை அடித்தால் ‘து’. விரலுக்குப் பாதி வேலை மிச்சம். இன்னொன்று நகரா விசை. மற்ற விசைகளை அடித்தால் கேரேஜ் ஓர் எழுத்து நகரும். புள்ளி விசையை அடித்தால் நகராது. புள்ளி தாளில் விழும். கேரேஜ் அங்கேயே நிற்கும். அடுத்து அடிக்கிற எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும்.

ஆகவே தமிழ் டைப்பில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. ‘அம்மா’ அடிக்க வேண்டுமென்றால் அ, புள்ளி, ம, ம, கால் என்று ஐந்து அடி. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் இங்கே தடுக்கி விழும். ஒன்றாம் வகுப்பில் ‘ம்’ எழுதச் சொல்லிக்கொடுத்த டீச்சர், எழுத்தை முடித்துவிட்டு மேலே புள்ளி வைக்கச் சொன்னார். இங்கே தலைகீழ். வரப்போவது மெய்யெழுத்து என்று கைக்கு ஓர் எழுத்து முன்னதாகவே தெரிந்தாக வேண்டும். ஆறு மாதம் பழகினவன் பேனாவால் எழுதும்போதுகூடப் புள்ளியை முதலில் வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்த கதை மாஸ்டரிடம் நாலைந்து உண்டு. அதில் ஒன்று அவருடையதே.

டைப் கற்று முடித்தபின் மாஸ்டர் கொஞ்ச நாள் கோர்ட் வாசலில் ஜாப் டைப்பிங் செய்தார். பத்திரம், வாய்தா மனு, அஃபிடவிட். பிறகு வாத்தியாருக்கு முடியாமல் போனபோது ஆறு மெஷின்களோடு இன்ஸ்டிடியூட்டை எடுத்துக்கொண்டார். ஆறில் ஒன்றுதான் தமிழ். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சட்டம் கோட்டையிலிருந்து தாலுகா ஆபீஸ் மேஜைக்கு வந்துசேர நாளாயிற்று. கோப்புகள் தமிழுக்கு மாற மாற, “தமிழ் ஹையர் இருக்கா?” என்ற கேள்வி வந்தது. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவங்கள் போயின. தட்டச்சு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு நிம்மதி. அதே ஆண்டு மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கியபோது தொழிற்பிரிவில் தட்டச்சும் ஒரு பாடமானது. தமிழ் மெஷின் ஆறில் ஒன்றாக இருந்தது, பத்து வருஷத்தில் சரிபாதி ஆயிற்று.

பெண்கள் வந்ததும் அப்போதுதான். அதற்கு முன்னால் பேட்சுக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாள், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறுவார்கள். “சும்மா வீட்ல இருக்கிறதுக்கு டைப்பாவது கத்துக்கட்டும் மாஸ்டர்.” அந்தச் ‘சும்மா’வில் வந்தவர்களில் பலர் தாசில்தார் ஆபீஸ், கூட்டுறவு வங்கி, மின்வாரியம் என்று போய், அவரவர் வீட்டின் முதல் மாதச் சம்பளக்காரி ஆனார்கள். சினிமாக்காரர்கள் டைப் கிளாஸைக் காதலுக்கான இடமாகவே காட்டிவிட்டார்கள். அதுவும் நடந்ததுதான், மாஸ்டர் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஞாபகம் இருப்பது, மாடிப்படியில் ஏறும்போது குனிந்திருந்த தலை, ஹையர் பாஸானதும் இறங்கும்போது நிமிர்ந்திருந்தது.

சர்டிபிகேட்டைத் தாண்டி, வேலைக்கு ஆகிற சில பாடங்களையும் அவர் வைத்திருந்தார். அதில் முக்கியமானது ஸ்டென்சில். ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகுத்தாளில் வெறும் எழுத்தாணியால் அடிப்பது. அதற்கு ‘ஸ்டென்சில் வெட்டுவது’ என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், சங்கத்து நோட்டீஸ் எல்லாம் இப்படி வெட்டி சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டியதுதான். விரல் கொஞ்சம் பலமாக விழுந்தால் இங்கிலீஷ் ‘ஓ’ வட்டமாகக் கத்தரித்துக்கொண்டு போய்விடும். அச்சில் கறுப்புப் பொட்டுதான் வரும். பலமில்லாமல் விழுந்தால் எழுத்தே வராது. ‘ய’ அடிக்கிற சுண்டு விரலும் ‘க’ அடிக்கிற ஆள்காட்டி விரலும் ஒரே கனத்தில் விழ வேண்டும். தப்பு விழுந்தால் நகப்பூச்சு வாசனையடிக்கும் ஒரு திரவத்தைத் தடவி, ஊதி, காய்ந்த பிறகு மறுபடி அடிக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைகள் பெருகின சில வருஷங்களில் அந்த வித்தை இருந்த இடம் தெரியவில்லை. யாரும் அதற்காக அழவில்லை. மாஸ்டரும்தான்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பரீட்சை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துவது. சென்டர் ஏதாவது ஒரு பாலிடெக்னிக். பரீட்சைக்குப் பேனா கொண்டுபோவது போல இங்கே மெஷினையே கொண்டுபோக வேண்டும். இது தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். விடிகாலை நான்கு மணிக்கு லோடு வண்டி வந்து நிற்கும். கேரேஜ் ஆடாமல் இருக்க நடுவில் நிறுத்தி சணல் கயிற்றால் கட்டுவார்கள். வண்டியில் வைக்கோல், அதன்மேல் சாக்கு, அதன்மேல் மெஷின். 15 கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்பைப் பையன்கள் மாடியிலிருந்து தோளில் இறக்குவார்கள். “டேய், குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கு” என்று மாஸ்டர் கத்திக்கொண்டே நிற்பார்.

ஒரு தடவை வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டதில், ஒரு ரெமிங்டனுக்குக் கேரேஜை இழுக்கிற நாடா அறுந்துவிட்டது. அது இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழும். அந்த மெஷினுக்கு உரிய பெண் அழத் தொடங்கிவிட்டாள். முதல் மணி அடிக்க 20 நிமிஷம். மெக்கானிக் சைக்கிளில் எங்கேயோ போய்விட்டு மூச்சு வாங்க வந்தார்; கையில் தூண்டில் நரம்பு. அறுந்த நாடாவுக்குப் பதில் அதை மாட்டி, சுருள்வில்லை நாலு சுற்று முறுக்கி, ஸ்பேஸ்பாரைத் தட்டிப் பார்த்தார். ஓடியது. இங்கிலீஷ் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஐந்து அடி ஒரு வார்த்தை. ஸ்பீடு பேப்பர் பத்து நிமிடம். லோயர் என்றால் 1,500 அடி. தூண்டில் நரம்பு 1,500 அடியும் தாங்கியது. அந்த மெஷினில் இன்றும் அதே நரம்புதான்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் தப்பு செய்தார். அதை அவரே சொல்லுவார். 1994-ல் ஒரு பையன் வந்து, “ஹையருக்குக் கட்டவா, கம்ப்யூட்டர் கிளாஸுக்குக் கட்டவா சார்?” என்று கேட்டான். “அந்தப் பொட்டி மூணு வருஷம் நிக்காதுப்பா, ஹையரை முடி” என்றார். பையன் கேட்டான். பிறகு தானாகவே டிடிபி கற்றுக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். ஊரில் அதற்குள் ஏ.சி. போட்ட சென்டர்கள் வந்திருந்தன. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போக வேண்டும். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். தன் தப்பைத் திருத்த மாஸ்டர் செய்தது இன்னொரு தப்பு: கடன் வாங்கி, ஒரு பயிற்சி நிறுவனத்தின் கிளையாகச் சேர்ந்து, இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டு வருஷத்தில் அந்த நிறுவனம் கதவைச் சாத்தியது. பிள்ளைகளுக்குக் கொடுத்த பளபளப்பான சர்டிபிகேட்டை எந்த ஆபீஸும் மதிக்கவில்லை. கடனை அடைக்க நான்கு மெஷினை விற்றார். “சர்டிபிகேட்ங்கிறது காகிதம் இல்ல, அதுக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கங்கிறதுதான்” என்று இப்போது சொல்கிறார். அப்போது அது தெரிய ஒரு நல்ல தொகை செலவாயிற்று.

கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் போனபோது வேறொரு குழப்பம். கடைக்குக் கடை ஒரு ஃபாண்ட். இங்கே அடித்த ஃபைலை அங்கே திறந்தால் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும். பாமினி போன்ற ஃபாண்ட்கள் பழைய டைப் மெஷினின் விசை அமைப்பையே ஒட்டியிருந்தன. அதனால் அவருடைய மாணவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. திரையில் நகரா விசை தேவையில்லை. எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளி வைக்கலாம். வருஷக்கணக்காகத் தலைகீழாகப் பழக்கிய கையை மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. முன்பு மாஸ்டர் போர்த்திய துண்டுக்கு அடியில் விரல் தடவியவர்களே, “மறுபடியும் ஒண்ணாம் கிளாஸா சார்?” என்றார்கள்.

அதோடு முடியவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்தது. அதிலிருந்து வந்த தமிழ்99 விசைப்பலகையை அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. அதன் அழகு, புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்வது: அ, ம, ம, ஆ என்று நான்கு அடித்தால் ‘அம்மா’ வந்துவிடும். ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி. ‘ந’வை அடுத்து ‘த’ வந்தால் ‘ந’வுக்குப் புள்ளி. தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்கும் பலகை. மாஸ்டர் அதைக் கற்றுக்கொண்டது தன் பழைய மாணவன் ஒருவன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில், மதியம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து. அவருக்கு வயது அப்போது 40-ஐத் தாண்டியிருந்தது. அந்த மாணவன் அவரிடம் காசு வாங்கவில்லை. ஆனால் அவர் கீழே குனிந்து விசையைத் தேடியபோது, கைக்குட்டையை எடுத்து அவர் கைமேல் போர்த்தினான்.

2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடை அரசு ஏற்றபோது ஃபாண்ட் குழப்பத்துக்கும் ஒரு முடிவு கிடைத்தது. அதற்குள் மாடியில் கூட்டம் குறைந்திருந்தது. 1955-ல் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ், 2009-ல் அதை நிறுத்தியது. உலகத்தின் கடைசி டைப்ரைட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது என்று 2011-ல் பத்திரிகைகள் எழுதின. அது முழு உண்மை இல்லை. மின்சார மெஷின்களை வேறு சிலர் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் கீழே வாடகைப் பேச்சைத் தொடங்கினார்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. கூட்டம் திரும்பி வந்தது. அதுவும் யார்? பி.இ. முடித்தவர்கள், எம்.எஸ்சி. படித்தவர்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட் பணிக்குப் பத்தாம் வகுப்பும் தட்டச்சுச் சான்றிதழும் போதும். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் முடித்தவருக்கு முதல் இடம். அடுத்து தமிழில் ஹையர், இங்கிலீஷில் லோயர். காலம் மாறியதை அரசும் கண்டுகொண்டது. கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் என்று ஒரு சான்றிதழையும் கேட்கிறது. ஆனால் அது பழையதைத் தூக்கிவிட்டு வைத்த நிபந்தனை இல்லை, பழையதன் மேலேயே வைத்தது. வேலை கிடைத்துப் போன ஒரு மாணவியிடம் “ஆபீஸ்ல என்ன மெஷின்மா?” என்று கேட்டார் மாஸ்டர். “மெஷினா? ஒண்ணுகூட இல்ல சார். ஓரத்துல ஒண்ணு இருந்தது, ஏலத்துல போயிடுச்சு.”

நோட்டிஃபிகேஷன் வந்தால் கூட்டம்; வராத வருஷம் ஈ ஓட்டல். தொழில்நுட்பம் தன் இன்ஸ்டிடியூட்டை மூடும் என்று பயந்தவர், அதைத் திறந்தும் மூடியும் வைப்பது ஒரு பணி விதியின் இரண்டு வரிதான் என்று பிறகு கண்டுகொண்டார். கல்விக் கொள்கை பற்றி டி.வி.யில் பேசுகிறவர்கள் இந்த இரண்டு வரியைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. ஊரில் பிள்ளை என்ன கற்கிறது என்பதை இது போன்ற வரிகள்தான் முடிவு செய்கின்றன.

2020 ஊரடங்கில் பள்ளிக்கூடமே செல்போனுக்குள் போனது. தட்டச்சு போக முடியவில்லை. யார் வீட்டிலும் மெஷின் இல்லை. மாஸ்டர் தினமும் காலையில் வந்து ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வரி அடித்துவிட்டுப் போனார். எண்ணெய் உறைந்தால் விசை ஒட்டிக்கொள்ளும்.

இப்போது முதல் பேட்சில் வருகிற ஒரு பெண், இன்ஜினியரிங் முடித்தவள். அவள் அம்மா 1996-ல் இதே மாடியில் தமிழ் ஹையர் முடித்தவர். பெண் போனில் அடிக்கிற வேகத்தைப் பார்த்தால் மாஸ்டருக்கே மூச்சு முட்டும். இரண்டு கட்டை விரல், இங்கிலீஷ் எழுத்து: ஏ, எம், எம், ஏ. ‘அம்மா’ வருகிறது. அவசரம் என்றால் அதுவும் இல்லை. போனை வாயருகே பிடித்துப் பேசுகிறாள், தமிழில் எழுத்து ஓடுகிறது. ஒரு நாள் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார். மெய்யெழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தது.

“புள்ளியெல்லாம் எப்ப வச்சே?”

“நான் எங்க சார் வச்சேன்? அதுவா வச்சிக்கிச்சு.”

அவர் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவளுடைய தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினார். ஆறு வரி. ஆறிலும் ‘ய’ வெளிறிக் கிடந்தது.

“ஏம்மா, சுண்டு விரலுக்கு இன்னிக்கு லீவா?”

“போன்ல அதுக்கு அடிக்கிற வேலையே இல்ல சார்.” கையை விரித்துக் காட்டினாள். சுண்டு விரலின் உட்பக்கத்தில், போனின் விளிம்பு உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த சின்னப் பள்ளம். “கீழ தாங்கிப் பிடிக்கிறதோட சரி.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அவள் இன்னொரு தாளைச் செருகி, ரோலரைத் திருப்பி, விரல்களை ய ள ன க மேல் வைத்தாள். மூன்றாவது வரியில் ஒரு ‘ய’ கறுப்பாக விழுந்தது. நான்காவதில் மறுபடி வெளிறியது. அடுத்த பேட்ச் பிள்ளைகள் மாடிப்படியில் ஏறி வரும் சத்தம் கேட்டது.